கட்டத்துக்குள் அடங்காத உன் நம்பர்

ஐயா, இந்தக் கடலைமிட்டாய்ப் பெட்டியை நாலு பேர் முன்னால் பிரித்துவிடாதே. மேல் அடுக்கை எடுத்தால் அடியில் இந்தக் காகிதம் கிடக்கும். உன் கம்பெனியில் சமையல் பார்க்கிற அண்ணாச்சி லீவு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்புகிறார் என்று கேள்விப்பட்டு, மகனுக்கு மிட்டாய் கொடுத்துவிடுகிறேன் என்ற சாக்கில் இதை அனுப்புகிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்று கேட்பாய். எந்தப் போனில் சொல்ல? இந்த வீட்டில் இருப்பது உன் பெண்டாட்டி ராஜியின் போன் ஒன்றுதான். நான் உன்னோடு பேசும்போது அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து உளுந்து புடைப்பாள். அவள் காதில் விழுந்தது, சுவருக்கு அந்தப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிற அவள் அண்ணன் முருகேசன் காதில் விழ வெகுநேரம் ஆகாது. அதனால்தான் ஆறாம் வகுப்போடு நின்றவள், மகா எழுதி மிச்சம் போட்ட ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில், ராஜி ரேஷன் கடைக்குப் போகிற நேரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். எழுத்துப் பிழையைத் தேடாதே. சொல்ல வந்ததைப் பார்.

சொல்ல வந்தது உன் மகள் மகாவைப் பற்றி. அவள் யுனிவர்சிட்டியில் விவசாயப் படிப்பு படிக்கிறாள் என்று நீ அங்கே எல்லாரிடமும் பெருமை சொல்கிறாய். அவள் என்ன மார்க் எடுத்தாள், எந்த வகுப்புக்குப் போகவில்லை, எப்போது ஹாஸ்டல் வாசலைத் தாண்டினாள், எந்தக் காய்ச்சலுக்கு என்ன மாத்திரை விழுங்கினாள் என்பதெல்லாம் உன் மச்சினன் போனுக்குப் போகிறது. தினமும் சாயங்காலம் அந்தப் போனில் கோயில் மணி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். யுனிவர்சிட்டியிலிருந்து வருகிற செய்திக்கு மட்டும் அந்த மணியை வைத்திருக்கிறான். நான் இந்தப் பக்கம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பேன். சுவரைத் தாண்டி அந்த மணி அடித்ததும் என் கை நின்றுவிடும். இன்றைக்கு அவளைப் பற்றி இவனுக்கு என்ன தெரிந்ததோ என்று சுவரில் காதை வைப்பேன். பேத்தி இருப்பது ஆறு மணி நேரப் பயணத்துக்கு அப்பால். அவளைக் கட்டிப்போட்ட கயிறு இங்கே, உரமூட்டைக்கு நடுவே கிடக்கிறது.

இது எங்கே ஆரம்பித்தது என்று நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. அட்மிஷன் அன்றைக்கு நான், ராஜி, மகா, முருகேசன் நாலு பேரும் அங்கே கவுண்ட்டர் முன்னால் நின்றோம். நீ வீடியோவில் வந்தாய், தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் இரும்புக் கம்பிகள். கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த பையன், "அப்பா நம்பர் சொல்லுங்க" என்றான். மகா உன் நம்பரைச் சொன்னாள். அவன் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "இது வெளிநாட்டு நம்பர், பத்து எண்ணு இருந்தாத்தான் கட்டம் எடுத்துக்கிடும். வேற யார் நம்பராவது குடுங்க" என்றான். மகா உடனே, "அம்மா நம்பரப் போடுங்க சார்" என்று சொன்னாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, முருகேசன் சிரித்துக்கொண்டே இடையில் புகுந்தான். "ஒங்க அம்மைக்கு இங்கிலீசுல ஒரு மெசேஜ் வந்தா வீட்டுக்குள்ள பாம்பு வந்த மாதிரி கத்துவா. என் நம்பரப் போடுங்க தம்பி, நான் தாய்மாமன்." ராஜி தலையைக் குனிந்துகொண்டாள். நீ அந்த வெயிலில் நின்றுகொண்டு, "ஆமா மச்சான், ஒங்க நம்பரையே போட்டுருங்க, அதான் சரி" என்றாய். காதணிக்கும் கல்யாணத்துக்கும் தாய்மாமனை முன்னால் நிறுத்துவது நம் வழக்கம். அதே வழக்கத்தில் அந்தக் கட்டத்திலும் அவனை நிறுத்திவிட்டாய். மாலை போட்டுச் சீர் வைக்கிறவன் சபை கலைந்ததும் வீட்டுக்குப் போய்விடுவான். கட்டத்துக்குள் போனவன் போகமாட்டான் என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மகாவின் முகம் மட்டும் சுருங்கியது. அது அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

முதல் வருஷம் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வருகிற செய்தியை ராஜியிடம் சொல்வான், அவள் என்னிடம் சொல்வாள், நல்ல மார்க் என்றால் நானும் சந்தோஷப்பட்டேன். ரெண்டாம் வருஷம் புதூரில் உன் சித்தப்பா பேரனுக்குக் காது குத்து வைத்தார்களே, நீ வரமுடியவில்லை என்று மோதிரம் அனுப்பினாயே, அன்றைக்குத்தான் என் கண் திறந்தது. பந்தியில் ஆம்பிளைகள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். முருகேசன் போனில் மணி அடித்தது. ஒருத்தர், "என்னய்யா, பந்தியில கோயில் மணி அடிக்குது?" என்று கேலி பண்ணினார். "மருமக பரீட்ச முடிவு அண்ணாச்சி, எல்லாம் நம்ம கைக்குத்தான் வரும்" என்று இவன் சத்தமாகச் சொல்லிவிட்டு வாசித்தான். ஒரு பாடத்தில் அரியர். மண்ணு பத்தின பாடமாம். உடனே பந்தி முழுக்கச் சிரிப்பு. "கரிசக் காட்டுல பொறந்த பிள்ளைக்கு மண்ணு தெரியலையா?" என்று ஒருத்தர். "மாமன் உரக்கடையில ரெண்டு நாள் உக்காந்தா தெரிஞ்சிருமே" என்று இன்னொருத்தர். மகா பரிமாற சாம்பார் வாளியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கே இன்னும் முடிவு தெரியாது, ஐயா. தன் தோல்வியைச் சொந்தக்காரர் பந்தியில், சாம்பார் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

அதோடு விட்டானா? போனை மேலே தள்ளி, பழைய செய்தி ஒன்றையும் வாசித்தான். போன மாசம் அவள் ஹாஸ்டலில் இருக்கிற ஆஸ்பத்திரி அறைக்குப் போயிருக்கிறாள். தூரம் வந்த நேரத்தில் வயிற்று வலி தாங்காமல் ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள் என்று அதில் இங்கிலீசில் இருந்திருக்கிறது. வாசித்தவன் பாதியில் நாக்கைக் கடித்திருக்கலாம். "பொம்பளப் பிள்ளைக்கு வார வலிதான், அதுக்குப் போயி படுத்துக்கிட்டா அரியர் வராம என்ன செய்யும்" என்று முழுசாகச் சொல்லி முடித்தான். ஐயா, பெற்ற அப்பன் முன்னாலேயே அதைச் சொல்லத் தயங்குகிற பிள்ளைகள் இருக்கிற ஊர் இது. அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த அத்தனை ஆம்பிளைகளும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். நான் எழுந்து போய் அவன் இலைக்கு முன்னால் நின்றேன். "ஏலே முருகேசா, ஒன் வீட்டுப் பொம்பளைக்கு மாசத்துல எந்த நாளு என்ன வருதுன்னும் மணி அடிச்சு வாசி, நாங்களும் கேட்டுக்கிடுதோம்" என்றேன். அவன் பாயசத்தைக் குடித்துவிட்டு, "அத்தைக்கு வயசாயிருச்சு" என்றான். ராஜி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. நான் இன்னும் அவனை மன்னிக்கவில்லை. சாகிறவரைக்கும் மன்னிக்கப் போவதும் இல்லை. அது என் சொந்தக் கணக்கு, உன்னைத் தீர்க்கச் சொல்லவில்லை.

உன்னிடம் கேட்பது வேறு. போன ஐப்பசியில் அடைமழை பெய்தபோது மகாவிடமிருந்து நாலைந்து நாள் போனே இல்லை. ராஜி அழுது அடம்பிடித்து, நானும் அவளுமாக ரயில் ஏறினோம். ஹாஸ்டல் அறையில் உன் மகள் போர்வைக்குள் சுருண்டு கிடக்கிறாள். உடம்பு அனலாகக் கொதிக்கிறது. கூட இருக்கிற பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தனையோ தடவ கூப்பிட்டேன் ஆச்சி, ஆஸ்பத்திரி ரூமுக்கு வரவே மாட்டேங்கா" என்றாள். நான் கோபத்தில், "ஏட்டி, செத்துப் போகணும்னு இருக்கியா? கீழ டாக்டரு இருக்கும்போது இங்கன கெடக்கியே" என்று கத்தினேன். அவள் உதடு வெடித்துப்போயிருந்தது. மெதுவாகச் சொன்னாள். "போனா எழுதுவாங்க ஆச்சி. எழுதுனா மாமாவுக்குப் போகும்." அவ்வளவுதான் சொன்னாள். ராஜி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு வெளியே ஆட்டோ பிடித்து ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய், ரெண்டு நாள் இருந்து காய்ச்சலை இறக்கினோம். ராஜி உன்னிடம் சளிக்காய்ச்சல் என்று சொல்லியிருப்பாள். நான் சொல்வதைக் கேள். இன்னும் ஒரு நாள் தள்ளிப் போயிருந்தால் உனக்குப் போன் வேறு மாதிரி வந்திருக்கும்.

திரும்புகிற அன்று மகா என்னை மட்டும் ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். ராஜி சாமான் எடுத்து வைக்கிறேன் என்று அறையிலேயே நின்றுகொண்டாள். அண்ணனுக்கு எதிரான காரியத்தைக் கண்ணால் பார்க்கவில்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு வழி வேண்டும், பாவம். ஆபீசில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. நல்ல மாதிரிதான் பேசினாள். மகா, "மேடம், எனக்குப் பத்தொம்பது முடியப் போகுது. என் விவரம் என் நம்பருக்கு வரட்டும். கார்டியன் நம்பர எடுத்துருங்க" என்றாள். அந்த அம்மா, "நீ சொல்றது நியாயம்தான்மா. பதினெட்டு முடிஞ்ச பிள்ளையோட விவரத்த அது சம்மதம் இல்லாம அடுத்தவங்களுக்குச் சொல்லக்கூடாதுதான். ஆனா இங்க எல்லாப் பெத்தவங்களும் அனுப்பு அனுப்புன்னுதான் கேக்காங்க. அனுப்பலன்னா சண்டைக்கு வாராங்க. சிஸ்டமே அப்படிப் பண்ணி வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு ரெண்டு வழி சொன்னாள். ஒன்று, மகாவே கம்ப்யூட்டரில் மாற்றலாம். மாற்றும்போது பழைய நம்பருக்கு ஒரு ரகசிய எண் போகும், அதை வாங்கிப் போடவேண்டும். இன்னொன்று, அப்பா கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் நகலோடு மெயிலில் அனுப்பவேண்டும். நான் கேட்டேன், "ஏம்மா, பூட்ட மாத்தணும்னா திருடன்கிட்டயே சாவி கேக்கச் சொல்லுதியே, இது எந்த ஊரு நியாயம்?" அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுக்குத்தான் பாட்டி, அப்பா லெட்டர் கொண்டு வாங்க" என்றாள்.

அன்று இரவே ரயில்வே ஸ்டேஷனில் நின்று மகா உனக்குப் போன் போட்டாள். பக்கத்தில் நான் நின்றேன், நீ பேசினது எனக்குக் கேட்டது. "மச்சான் மனசு கோணிரும்மா. விசா வாங்கிக் குடுத்தவரு. படிப்பு முடியுற வரைக்கும் பொறுத்துக்கோ. அவரு நல்லதுக்குத்தான் பாக்காரு." காய்ச்சலைப் பற்றி அவள் சொல்ல வாயெடுத்தாள், உனக்கு ஷிஃப்ட் பஸ் வந்துவிட்டது. மகா போனைப் பைக்குள் வைத்துவிட்டு, "சரி ஆச்சி, பிளாட்பாரம் மாறணும்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

விசா வாங்கித் தந்தவனுக்கு நீ கட்டுப்பட்டவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. கட்டுப்பட்டது நீ. உன் மகளை ஏன் அதில் சேர்த்துக் கட்டினாய்? உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். நீ பாலிடெக்னிக்கில் படித்தாயே, அங்கே பரீட்சை முடிவை அப்போது கார்டில் எழுதி வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு நாள் மத்தியானம் போஸ்ட்மேன் வந்து, "அண்ணாச்சி இருக்காகளா? பாலிடெக்னிக் கார்டு வந்திருக்கு" என்றார். உன் அப்பா காட்டில் பருத்திக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். நான்தான் வாங்கினேன். இங்கிலீசு தெரியாவிட்டாலும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டால் என்ன அர்த்தம் என்று தெரியும். ரெண்டு கோடு இருந்தது. நீ கதவுக்குப் பின்னால் நின்று என் முகத்தையே பார்த்தாய். தாடி முளைத்த பிள்ளை நீ. உன் அப்பா கை நீளம் உனக்குத் தெரியும். நீ, "எம்மா, அடுத்த பரீட்சையில எழுதிருவேன்" என்றாய். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கார்டை அடியில் தள்ளினேன். சாயங்காலம் உன் அப்பா, "போஸ்ட்மேன் வந்தானாமே?" என்று கேட்டார். "தபால் மாறி வந்துட்டுதாம், திருப்பிக் கொண்டுபோயிட்டான்" என்றேன். நீ எழுதினாய், தேறினாய், வேலைக்குப் போனாய். அந்த ரெண்டு கோடு உனக்கும் எனக்கும் அடுப்புக்கும் மட்டும்தான் தெரியும். உன் அப்பா அது தெரியாமலே போய்ச் சேர்ந்தார். கல்யாணம் பேசும்போது முருகேசன் வீட்டார் உன் படிப்பைத் துருவித் துருவிக் கேட்டார்கள், அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. ராஜிக்கு இன்றுவரை தெரியாது. இந்தக் காகிதத்தை நீ கிழித்தெறிந்தாலும் அவளுக்குச் சொல்லமாட்டேன். பயமுறுத்த இதை எழுதவில்லை, ஐயா. விழுந்து எழுந்திருக்க உனக்கு ஒரு மறைவு கிடைத்தது. உன் மகள் பந்தி நடுவில் விழுந்தாள்.

நீ கைவிட்ட பிறகு நானும் மகாவும் ஒரு வேலை பார்த்தோம். அவள் தீபாவளிக்கு வந்தபோது பேசி வைத்தது. கார்த்திகை அன்று முருகேசன் வீட்டில் கொழுக்கட்டை அவிப்பார்கள், நான் அங்கே போவேன். அவன் போன் எப்போதும் கூடத்தில் பிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் மகா அங்கிருந்து நம்பரை மாற்றப் பொத்தானை அமுக்குவாள். ரகசிய எண் வரும். நான் பார்த்து, ராஜியின் போனில் அவளுக்குச் சொல்லவேண்டும். எனக்கு இங்கிலீசு வராது, எண் வரும். தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிக் கட்டை அடுக்கி எண்ணின காலத்திலிருந்து ஒரு எண்ணைப் பார்த்தால் மண்டையை விட்டுப் போகாது, உனக்கே தெரியும். ராஜியிடம், "போனக் குடுட்டி, அங்கன விளக்கு வரிசைய போட்டோ எடுக்கணும்" என்று வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். அவள் ஒன்றும் கேட்காமல் பூட்டைத் திறந்து கொடுத்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

கூடத்தில் ஆள் இல்லை, எல்லாரும் வாசலில் விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. நான் எம்பி எட்டிப் பார்த்தேன், எண் பளிச்சென்று மேலேயே நின்றது. பின்கட்டுக்குப் போய் மகா படத்தை அமுக்கிச் சொன்னேன். "ஆச்சி, எடுத்துக்கிடுச்சு, எடுத்துக்கிடுச்சு" என்று அவள் குழந்தை மாதிரி கத்தினாள். நான் கொழுக்கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அதே நேரம் அந்த மணி மறுபடியும் அடித்தது. முருகேசன் உள்ளே வந்து போனை எடுத்தான். எண்ணைப் போட்டபிறகும் பழைய நம்பருக்கு இன்னொரு செய்தி போகுமாம். உங்கள் நம்பரை எடுக்கிறார்கள், சம்மதம் இல்லை என்றால் இங்கே அமுக்குங்கள் என்று. எங்கள் இருவருக்கும் அது தெரியாது. அவன் வாசித்தான், அமுக்கினான். அவ்வளவுதான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"அத்தை, ஒங்க பேத்தி என் நம்பர வெட்டப் பாக்கா."

"நம்பரத்தான வெட்டுனா? ஒன் கழுத்தையா வெட்டுனா? எதுக்கு இப்படி வேர்க்குது ஒனக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஒரு பிள்ளை மறைக்கப் பாக்குதுன்னா மறைக்கதுக்கு என்னமோ இருக்குன்னு அர்த்தம்."

"ஒன் வீட்டுக் குளியல் ரூமுக்குக் கதவு எதுக்குப் போட்டிருக்க? உள்ள கொலையா நடக்கு?"

வாசலில் நின்ற அவன் பெண்டாட்டி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்தினாள். ஆனால் பேச்சில் நான் ஜெயித்து என்ன செய்ய? மறுநாளே வார்டனுக்குப் போன் போட்டான். ஹாஸ்டல் வாசலைத் தாண்ட அவன் போனில் சரி என்று அமுக்கவேண்டுமே, இனி அமுக்கமாட்டான். அன்றிலிருந்து மகா அந்தக் கேட்டுக்குள்ளேயே கிடக்கிறாள். சோப்பு வாங்கக்கூட அடுத்த பிள்ளையிடம் சொல்லி அனுப்புகிறாள். வயல் பார்க்க வகுப்பே போனபோது இவளை மட்டும் லைப்ரரியில் உட்கார வைத்துவிட்டார்கள். ராஜி போனில் பேசும்போது, "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா" என்கிறாள். அதற்கு மேல் பேச்சு இல்லை. தான் சொல்வது எங்கே போகும் என்று அவளுக்கு எந்தக் காது மேலும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது.

இதற்குப் பிறகு நான் சொல்லப்போவது மகாவுக்கே தெரியாது. போன வாரம் சுவர் வழியாகக் கேட்டேன். முருகேசன் ராஜியைக் கடைக்குக் கூப்பிட்டுச் சொல்கிறான். "செமஸ்டர் முடியவும் டி.சி.ய வாங்கிருவோம். தை பொறக்கவும் பூ வச்சிருவோம். கார்த்திக்கு இவளை விட்டா வேற யாரு? அரியரோட படிச்சு என்ன கிழிக்கப் போறா?" ராஜி, "அவிய அப்பாட்ட ஒரு வார்த்த கேக்கணும்லா அண்ணே" என்றாள். "பிள்ளைக்கே படிக்க இஷ்டமில்லைன்னு நீ சொல்லு, மாப்பிள்ள நம்புவாரு. ஆபீசுல கேட்டுட்டேன். பாரத்துல காரணம்னு ஒரு எடம் இருக்காம். சொந்த விருப்பம்னு எழுதிட்டா ஒரு கேள்வி கிடையாது. கையெழுத்து அவ போடுவா. போடாம எங்க போயிருவா, கேட்டுக்கு வெளியவா?" அவன் சிரித்தது எனக்குக் கேட்டது. ராஜி பதில் சொன்னாளோ என்னவோ, என் காதில் விழவில்லை. அப்பன் எப்படியோ, அவன் மகன் கார்த்தி நல்ல பையன், அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மகா படித்து முடித்து அவனைத்தான் கட்டுவேன் என்று தன் வாயால் சொன்னால் நானே ஆரத்தி எடுப்பேன்.

சொந்த விருப்பம் என்ற சொல்லை அவன் சொன்னதும் என் கையிலிருந்து முறம் நழுவிவிட்டது. ஏன் என்று உனக்குத் தெரியாது. யாருக்கும் நான் சொன்னதில்லை. முதியோர் பென்ஷனுக்கு வயசுச் சான்று வேண்டும் என்று தாலுகா ஆபீசில் கேட்டார்களே, அதற்காக நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஆறாம் வகுப்பில் என் பெரியப்பா வந்து ஹெட்மாஸ்டரிடம் பேசி என்னைக் கூட்டிப்போனார். தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வாசலில் நின்றது. நான் பெஞ்சுக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். டீச்சர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். பெரியப்பா இறந்தபோது நான் மார்பில் அடித்து அழவில்லை, ஊரே பேசியது, பேசட்டும். பள்ளிக்கூடத்து கிளார்க் பழைய ரிஜிஸ்டரைத் தூசி தட்டி எடுத்து, என் பெயரைக் கண்டுபிடித்து, பிறந்த தேதியை எழுதிக்கொண்டார். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டேன். "படிப்பை நிறுத்தியதற்குக் காரணம், சொந்த விருப்பம்னு இருக்கு ஆச்சி" என்றார். "நான் சொல்லலையேய்யா. அத அடிச்சிட்டு வேற எழுது" என்றேன். "அடிக்க முடியாது ஆச்சி, இது ரெக்கார்டு" என்றார். அங்கே நின்று என்ன பேச? பிறந்த தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். பெஞ்சுக் காலைப் பிடித்து அழுத பிள்ளை தன் விருப்பத்தில் போனாள் என்று அந்த ரிஜிஸ்டர் நான் செத்த பிறகும் சொல்லிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் கேட்கிறேன். மகாவைப் பற்றி எழுதுகிறதை மகா பார்க்கவேண்டும். தப்பாக இருந்தால் தப்பு என்று அவள் சொல்லவேண்டும். யாருக்குக் காட்டலாம் என்று அவள்தான் முடிவு பண்ணவேண்டும். உனக்குக்கூட அவள் காட்டினால்தான். இதைப் படிக்க உனக்குக் கசக்கும். ஆனால் நீ பார்க்கலாம், மாமன் பார்க்கக்கூடாது என்று நான் சொன்னால் அது வெறும் ஆள் மாற்றம்தான். நான் பார்க்கலாம் என்று சொன்னாலும் அப்படித்தான். கார்த்திகை அன்று அவளுக்காகத்தான் அந்தப் போனை எட்டிப் பார்த்தேன். ஆனாலும் அவள் விவரம் அடுத்தவன் பிரிட்ஜ் மேல் கிடக்க, அதைத் திருட்டுத்தனமாக நான் எடுக்கவேண்டியிருந்ததை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒரு வெள்ளைத் தாள் எடு. என் மகள் பெயருக்கு எதிரே இருக்கிற கார்டியன் நம்பரை எடுத்துவிட்டு அவள் நம்பரைப் போடுங்கள், அவளைக் கேட்காமல் யாருக்கும் எதையும் கொடுக்காதீர்கள் என்று எழுது. உனக்குத்தான் இங்கிலீசு வருமே. கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட் நகலோடு போனில் படம் எடுத்து அனுப்பு. எந்த மெயில் என்று மகா சொல்வாள். டி.சி. சங்கதியையும் நீயே அவளிடம் சொல்லிவிடு, அவளைப் பற்றின பேச்சு அவளுக்குக் கடைசியாகத் தெரிவது இந்த ஒரு தடவையோடு போகட்டும். ராஜியைக் கடிந்துகொள்ளாதே. அவளுக்கு ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் மகள், தலைக்கு மேல் நான். முருகேசன் உன்னைக் கூப்பிட்டுக் கத்துவான். விசாவைச் சொல்வான். சொல்லட்டும். நீ அவனுக்கு என்றைக்கும் நன்றியோடு இரு. நன்றிக்கு உன் மகளைப் பிடித்துக் கொடுக்காதே. இதைச் செய்தால் எனக்கு இந்த வீட்டில் கஞ்சி எப்படிக் கிடைக்கும் என்று யோசிக்காதே. ஏச்சு வாங்கி எனக்குப் பழக்கம், பதிலுக்கு ஏசவும் தெரியும்.

செய்தாயா என்று எனக்குப் போன் போட்டுச் சொல்லவேண்டாம். ஸ்பீக்கரில்தான் கேட்கும். மகாவிடமும் நான் கேட்கமாட்டேன். தினமும் சாயங்காலம் இந்தச் சுவர் ஓரத்தில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மிட்டாய் உன் கைக்கு வந்து சேர்ந்த பிறகு, என்றைக்கு அந்த மணி அடிக்காமல் பொழுது இருட்டுகிறதோ, அன்றைக்குத் தெரிந்துகொள்வேன்.

உன் அம்மா